கார்த்திகைக்குக் காத்திருக்கும் அவரை

தை மாதம் மாடித்தோட்டம் போடுகிறவர்களிடம் ஒரு புகார் வாடிக்கையாகக் கேட்கும். அவரை விதை போட்டோம், பழுதில்லாமல் முளைத்தது, கொடி பந்தலையே மூடிவிட்டது, இலை உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. உரம் போதவில்லை என்பார் ஒருவர். விதைக்கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்பார் இன்னொருவர். சாம்பல் தூவிப் பார்க்கச் சொல்லும் பாட்டிகளும் உண்டு.

விதையிலும் குறையில்லை, உரத்திலும் குறையில்லை. நாட்டு அவரைக் கொடி தன் வயதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது பார்ப்பது பகலும் இரவும் எவ்வளவு நீளம் என்பதை. மாசி, பங்குனி, சித்திரை என்று பகல் நீண்டுகொண்டு போகும்போது அது கொடி ஓடிக்கொண்டிருக்கும். ஐப்பசி பிறந்து இரவு நீண்ட பிறகே பூங்காம்பு தலைகாட்டும். கார்த்திகை, மார்கழியில் காய்த்துத் தள்ளும். அதே விதையை ஆடியில் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் பூத்திருக்கும். ஆறு மாதம் முந்திப் போட்டதில் கிடைத்த லாபம் வெறும் இலை.

பகலின் நீளத்துக்குச் செடி கட்டுப்படுவது குளிர்நாட்டு விவகாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் வரும். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. அங்கே செடிக்கு வித்தியாசம் தெரியாமல் போனால்தான் ஆச்சரியம். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. இங்கே ஜூன் 21-ஐ ஒட்டி சூரியன் உதித்து மறையும்வரை ஏறத்தாழ 12 மணி 42 நிமிடம். டிசம்பர் 21-ஐ ஒட்டி 11 மணி 32 நிமிடம். ஆண்டு முழுவதற்குமான ஏற்ற இறக்கமே 70 நிமிடம்தான். மனிதர்களுக்கு இது உறைப்பதில்லை. ‘மார்கழியில் சீக்கிரம் இருட்டிவிடுகிறது’ என்று சொல்வோம், அதுகூடச் சரியில்லை. மதுரையில் மாலை மிகச் சீக்கிரம் இருட்டுவது நவம்பர் பாதிக்குப் பிறகு, அதாவது கார்த்திகைத் தொடக்கத்தில். சூரியன் மிகத் தாமதமாக எழுவது தை மாதத்தில். மொத்தப் பகல் குறைவாக இருப்பது இரண்டுக்கும் நடுவில். நாம் கடிகாரத்தைப் பார்த்தும் தப்பாகச் சொல்கிற கணக்கைச் செடி கடிகாரம் இல்லாமல் சரியாகப் போட்டுவிடுகிறது.

70 நிமிடம் போதுமா என்று கேட்டால், தாராளம். மலேசியாவின் மலாக்கா நிலநடுக்கோட்டிலிருந்து 2 பாகைதான் தள்ளி இருக்கிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 14 நிமிடம். அங்கு ஆராய்ந்த ‘சியாம் 29’ என்ற நெல் ரகம் செப்டம்பரில் விதைத்தால் 161 நாளிலும், ஜனவரியில் விதைத்தால் 329 நாளிலும் பூத்தது. நெல் ஒன்று, வயல் ஒன்று. 14 நிமிட வித்தியாசத்தை அந்தப் பயிர் படித்துவிட்டது. மதுரை நெல்லுக்கு அதைப்போல் ஐந்து மடங்கு வித்தியாசம் கிடைக்கிறது. ஆவணி, புரட்டாசியில் இங்கே பகல் நாளொன்றுக்கு அரை நிமிடம் வீதம் சுருங்குகிறது.

இதை அறிவியல் கவனித்த கதை ஒரு புகையிலைச் செடியில் தொடங்குகிறது. அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்னர், ஆலர்டு என்ற இருவருக்கு வாஷிங்டனை ஒட்டிய பண்ணையில் ‘மேரிலாண்ட் மாமத்’ என்ற ரகத்தோடு பாடு. ஆளைவிட உயரமாக வளரும், இலையாகக் கொட்டும், கோடை முடிந்தாலும் பூக்காது. விதையும் எடுக்க முடியாது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சிறு செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். சூடு, ஈரம், மண் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கடைசியில் 1918 கோடையில் இருட்டுக் கொட்டகை ஒன்றைப் போட்டார்கள். மாலை 4 மணிக்கே செடிகளை அதற்குள் கொண்டுபோய் வைத்து, மறுநாள் காலைதான் வெளியே எடுப்பது. நடுக்கோடையில் புகையிலை பூத்தது. ‘பிலாக்சி’ என்ற சோயா ரகத்தையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். வாரக்கணக்கில் முன்னும் பின்னுமாக விதைத்தாலும் எல்லாம் செப்டம்பரில் ஒன்றாகப் பூக்கும். நம் நாட்டு அவரையின் கதையேதான் அது. 1920-இல் இருவரும் முடிவுகளை வெளியிட்டு, செடிகளைக் குறும்பகல் செடி, நெடும்பகல் செடி, பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத செடி என்று பிரித்தார்கள்.

பெயர் அப்படியே நிலைத்துவிட்டது, ஆனால் பெயரில் ஒரு கோணல் இருக்கிறது. நம் கண்மாய்க் கரைகளில் கண்டபடி மண்டிக் கிடக்கும் மருளூமத்தையை வைத்து 1938-இல் ஹாம்னர், பானர் என்பவர்கள் சோதித்தார்கள். பகலின் நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கினால் செடி அசரவில்லை. நடுராத்திரியில் சில நிமிடம் விளக்குப் போட்டால், பூக்க வேண்டிய செடி பூக்காமல் நின்றுவிட்டது. ஆகச் செடி அளப்பது வெட்டுப்படாத இரவை. மருளூமத்தைக்கு எட்டரை மணி நேரம் தொடர்ச்சியாக இருட்டு கிடைத்தால் போதும். அதாவது 15 மணி நேரப் பகலிலும் பூக்கும், இருந்தாலும் அதற்குப் பெயர் ‘குறும்பகல் செடி’. குறுகியதா நெடியதா என்பது 12 மணிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வியே இல்லை. ஒவ்வொரு செடிக்கும் ஒரு எல்லை உண்டு. இரவு அந்த எல்லையைத் தாண்டினால் பூப்பது குறும்பகல் வகை, தாண்டாமல் இருந்தால் பூப்பது நெடும்பகல் வகை.

இரவை எதை வைத்து அளக்கிறது? இலையில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவத்துக்கு மாறும். சிவப்புக்கு அப்பால், நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் தொலைசிவப்பு ஒளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இருட்டிலும் தானாக மெல்லத் திரும்பும். இந்தத் திரும்புதல்தான் செடியின் கடிகாரம் என்று கொஞ்ச காலம் நினைத்தார்கள். ஆனால் சில மணி நேரத்திலேயே திரும்பி முடிந்துவிடுவதால் முழு இரவை அளக்க அது போதவில்லை. உண்மையான கடிகாரம் வேறு. ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வரும் தாளம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓடுகிறது. ஜெர்மானியர் எர்வின் புன்னிங் 1936-இலேயே இதைச் சொன்னார். கடைக்கு ஷட்டர் திறக்கிற நேரம் இருப்பதுபோல, அந்தத் தாளத்தில் ஒளியைக் கவனிக்கிற நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று ஃபைட்டோகுரோம் சொல்ல வேண்டும்; அவ்வளவுதான் அதன் வேலை. நடுராத்திரி விளக்கு ஏன் அப்படிக் குழப்புகிறது என்பது இதிலேயே விளங்கிவிடும்.

அளப்பது இலை, பூப்பது நுனி. இடையில் சேதி எப்படிப் போகிறது? சோவியத் ஒன்றியத்தில் மிகாயில் சைலாக்யான் 1930-களில் செவ்வந்திச் செடியை எடுத்து, கீழ் இலைகளுக்கு மட்டும் குறும்பகலும் நுனிக்கு நெடும்பகலும் கொடுத்தார். பூத்தது. மாற்றிக் கொடுத்தார். பூக்கவில்லை. இலையிலிருந்து ஏதோ ஒன்று மேலே போகிறது என்று முடிவுகட்டி, அதற்கு ‘ஃப்ளோரிஜென்’ என்று பெயரும் வைத்தார். அதைக் கண்ணால் காண எழுபது ஆண்டு பிடித்தது. 2007-இல் ஜப்பானின் நாராவில் நெல்லிலும், ஜெர்மனியின் கொலோனில் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றிலும், இலையில் உருவாகி நுனிக்குப் போய்ச் சேரும் சிறு புரதத்தைக் காட்டினார்கள். நெல்லில் அதற்கு ஹெச்.டி.3ஏ என்று பெயர். பகல் நீளமாக இருக்கும்வரை அந்தப் புரதம் உருவாக விடாமல் சில மரபணுக்கள் தடுக்கின்றன. பகல் சுருங்கியதும் தடை தளர்கிறது, கதிர் கட்டத் தொடங்குகிறது.

சரி, செடிக்கு எதற்கு இந்தப் பாடு? மதுரைப் பக்கத்து மழையைப் பார்த்தால் விடை தெரியும். இங்கே பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும், மார்கழியோடு ஓயும். அதற்கு முன் ஆடி, ஆவணியில் வரும் மழையை நம்ப முடியாது. ஒரு வருடம் கொட்டும், ஒரு வருடம் வானம் பொய்த்துவிடும். மழையை நம்பிப் பூக்கிற செடி ஆவணி மழையில் ஏமாந்து பூத்து, புரட்டாசிக் காய்ச்சலில் கருகிப் போகலாம். சூரியன் மட்டும் ஒரு வருடமும் தவறுவதில்லை. ஐப்பசிப் பகலின் நீளத்தில் பூக்கிற பயிருக்கு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே பூவும், மழை விட்டு வெயில் ஏறும்போது முற்றிய காயும் அமையும். துவரை, கொள்ளு, மொச்சை, பழைய சம்பா நெல்கள், உயரமாக வளரும் நாட்டுச் சோளங்கள் எல்லாம் ஏறக்குறைய இந்தக் கணக்கில் வாழ்ந்தவை. உசிலம்பட்டி, பேரையூர் மானாவாரிக் காடுகளில் ஆடிப்பட்டத்தை அவ்வளவு பிடிவாதமாகப் பிடித்திருந்ததற்கு மழை பாதிக் காரணம், இது மீதிக் காரணம். ஆடி நடுவில் பகல் ஏறத்தாழ 12 மணி 33 நிமிடம், அங்கிருந்து இறங்குமுகம். விதைத்தபின் செடி உடம்பு தேற இரண்டு, மூன்று மாதம் கிடைக்கிறது. ஐப்பசியில் பகல் 12 மணிக்குக் கீழே போயிருக்கும்போது பூக்கத் தயாராக நிற்கிறது.

பிந்தி விதைத்தால் என்ன ஆகும்? இந்த வகைப் பயிரில் பெரிதாகத் தேதி தள்ளாது, செடிதான் சிறுக்கும். புரட்டாசிக் கடைசியில் விதைத்த துவரை இடுப்பளவில் நின்று பூத்துவிடும். காய்ப்பும் அதற்கேற்ற அளவுதான். ஒரு வகையில் இது தண்டனை, ஒரு வகையில் காப்பு. ஊரில் ஒருவர் முன்னே விதைத்து இன்னொருவர் பின்னே விதைத்தாலும் எல்லார் காடும் ஒரே சமயத்தில் முற்றும்; குருவியும் பூச்சியும் ஒருவர் காட்டில் மட்டும் வந்து மொய்க்காது.

கரும்பின் கணக்கு இன்னும் நுணுக்கம். பகல் பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டி, நாளுக்குக் கொஞ்சமாகக் குறைந்துகொண்டும் வர வேண்டும்; நீண்டாலும் ஆகாது, ரொம்பச் சுருங்கினாலும் ஆகாது. தென்தமிழ்நாட்டில் அந்த அளவு ஆடிக் கடைசியை ஒட்டி வருகிறது. அப்போது கரும்பு முடிவெடுத்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகையில் அலங்காநல்லூர்ப் பக்கம் தோகைக்கு மேல் வெள்ளிக் குஞ்சம் ஆடும். பார்க்க அழகு, விவசாயிக்குக் கவலை: பூத்த கரும்பு அதற்கு மேல் வளராது, வெட்டாமல் அதிக நாள் விட்டால் உள்ளே நெட்டி விழும். அதே பூதான் கோயம்புத்தூருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. வடஇந்தியாவில் கரும்பு லேசில் பூத்து விதை பிடிப்பதில்லை. கோவையில் தாராளமாகப் பூக்கும். அதனால்தான் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல் அங்கே அமைந்தது. அங்கே வேலை பார்த்த பார்பரும் வெங்கட்ராமனும் நாணல் வகைக் காட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய ‘கோ 205’ என்ற கரும்பு ரகம் 1918-இல் வடநாட்டு வயல்களுக்குப் போனது.

நெல்லில் கதை 1966-இல் திரும்பியது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 குட்டை, உரத்துக்குச் சாயாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அது பகலின் நீளத்தை ஏறக்குறைய கண்டுகொள்ளாது என்பதைக் கொஞ்சம் பேர்தான் சொல்வார்கள். எந்த மாதம் விதைத்தாலும் சுமார் 130 நாளில் அறுவடை. என் கணக்கில் குட்டைத்தனத்துக்குச் சற்றும் குறையாத மாற்றம் இது. ரகத்தை மாதத்தால் சொன்ன காலம் போய், நாளால் சொல்லும் காலம் வந்தது. இன்று விதை வாங்கப் போனால் முதல் கேள்வியே ‘எத்தனை நாள் பயிர்?’ என்பதுதான். பெரியாறு, வைகைப் பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம் சாத்தியப்படுவதற்குத் தண்ணீரோடு இந்தக் குறுகிய வயது நெல்களும் காரணம். ஆனியில் நட்டு, ஐப்பசிக்குள் அறுத்து, மறுபடி நடுவதற்குக் காலண்டரைப் பார்க்கிற நெல் உதவாது.

இழப்பும் உண்டு. கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். தண்ணீர் புரட்டாசியை ஒட்டி வர வேண்டும். அணையில் நீர் போதாமல் ஐப்பசி வரை தள்ளிப்போகிற ஆண்டுகளில், 135 நாள் ரகம் நட்டவர்கள் மாசி வரை தண்ணீர் கட்ட வேண்டும். கடைமடையில் அதற்குள் வாய்க்கால் காய்ந்துவிடும். அங்கே பழைய சம்பாவைப் போட்டிருந்தால் தூர் குறைவாகப் பிடித்து, மகசூல் அடிபட்டாலும், கதிர் வழக்கத்தை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாது. இதை வைத்துப் பாரம்பரிய நெல்லே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சிலர் கிளம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நெல்லைச் சித்திரையில் விதைத்தால் மாதக்கணக்கில் புல்லாக நின்று, ஆளுயரம் போய்ச் சாய்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் பட்டம்.

எல்லாவற்றையும் பகலின் தலையில் கட்டுவதும் தப்பு. மார்கழி, தையில் மல்லிகை வரத்து சுருங்கி, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரங்களில் ஏறும்போது, ‘பகல் குறுகிவிட்டது, அதான் பூ இல்லை’ என்று விளக்கம் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குண்டுமல்லிக்கு முக்கியமான இடைஞ்சல் குளிரும் பனியும். போதாததற்குக் கார்த்திகையில் கவாத்து வேறு செய்வார்கள். மாம்பூவும் அப்படித்தான், அதற்கு வேண்டியது மார்கழிக் குளிர். தக்காளி, கத்தரிக்குப் பகலின் நீளம் பொருட்டே இல்லை. வெங்காயத்தில் வேறு விதமாக வரும்: அங்கே பகல் முடிவு செய்வது பூவை இல்லை, மண்ணில் வெங்காயம் திரள்வதை. நம் ரகங்களுக்குப் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பின்னான பகல் போதும். பதினாலு மணிக்கு மேல் பகல் வேண்டும் ஐரோப்பிய ரகத்தைத் திருமங்கலத்தில் நட்டால் தாள்தான் அறுக்கலாம்.

பூவுக்கு வெளியிலும் இந்தக் கணக்கு நடக்கிறது. பங்குனி, சித்திரையில் அழகர்மலை அடிவாரத்தில் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும்; புங்கமும் வேம்பும் அந்தக் காய்ச்சலில்தான் தளதளவென்று தளிர் விடும். மழை வந்துதானே தளிர்க்க வேண்டும்? ஆசியாவின் பருவமழைக் காடுகளிலும் தென்னமெரிக்க வறண்ட காடுகளிலும் இதை ஆராய்ந்தவர்கள், பல மரங்கள் பகல் அரை மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ நீண்டதையே குறிப்பாக எடுத்துத் தளிர்க்கின்றன என்று 2000-களில் எழுதினார்கள். வேர் ஆழத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி முன்கூட்டியே இலை விட்டு, மழை வரும்போது தயாராக இருப்பது அவற்றின் உத்தி.

இப்போது புதிதாக ஒரு குழப்பம் சேர்ந்திருக்கிறது: விளக்கு. திருமங்கலம் பக்கம் நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு துவரைக் காட்டை மார்கழியில் பார்த்தேன். சாலையிலிருந்து தள்ளியிருந்த செடிகள் மஞ்சள் பூவும் பிஞ்சுமாக இருந்தன. உயரக் கம்பத்தடியில் இருந்தவை கரும்பச்சையாக, ஒரு முழம் கூடுதல் உயரத்தில், மொட்டுகூட இல்லாமல் நின்றன. அந்தப் பச்சை, வெளிச்சம் விழும் வட்டத்தின் அளவுக்கே இருந்தது. வட்டத்துக்குள் ஒரே ஒரு பட்டையில் மட்டும் பூ. அங்கே விளம்பரப் பலகையின் நிழல் விழுகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நிலா வெளிச்சம் அதிகம் போனால் கால் லக்ஸ். அதைச் செடிகள் பொருட்படுத்துவதில்லை. தெருவிளக்கின் அடியில் பத்து, இருபது லக்ஸ் வரை இருக்கும். சில லக்ஸே சில ரகங்களின் இரவைக் கலைக்கப் போதும்.

இதையே தொழிலாக்கியவர்களும் உண்டு. பசுமைக் குடிலில் செவ்வந்தி வளர்ப்பவர்கள் இரவில் விளக்குப் போட்டுப் பூவைத் தள்ளிப்போடுகிறார்கள். கறுப்புத் துணி போர்த்தி முன்னே இழுக்கிறார்கள். வியட்நாமின் பின் துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டங்கள் குளிர்காலம் முழுக்க இரவில் பல்பு எரிந்து கிடக்கும். அது நெடும்பகல் செடி, விளக்கை நீண்ட பகல் என்று நம்பிப் பருவம் தப்பிப் பூக்கும். சாலை விளக்கை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஊராட்சியில் சொல்லி, வெளிச்சம் சாலைப் பக்கம் மட்டும் விழும்படி விளக்குக்கு மூடி போடச் சொல்லலாம். போடுகிறவரை, கம்பத்தடி வெளிச்சம் விழுகிற அளவுக்குத் துவரையையும் பழைய சம்பாவையும் தவிர்த்து, கத்தரியோ தக்காளியோ நட்டுக்கொள்வது உத்தமம்.